கடைசலில் கெட்டுப்போன மரக்கிண்ணத்தை மீட்க முடியுமா?

சிறிய லேத் ஒன்று வாங்கி, கொல்லையில் காற்றில் சாய்ந்த பூவரசை அறுத்து மூன்று கிண்ணம் கடைந்திருக்கிறீர்கள். முதலாவதில் உளி மாட்டி விளிம்பு பிய்ந்துவிட்டது. இரண்டாவதில் அடி ஓட்டையாகிவிட்டது. மூன்றாவது அழகாக வந்தும், அலமாரியில் வைத்த ஒரு வாரத்துக்குள் வெடித்து, வட்டமும் கோணி நீள்வட்டமாகிவிட்டது. மூன்றையும் சரிசெய்ய வழி உண்டா, இல்லை அடுப்புக்குத்தானா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, எந்தப் பழுதை நம்பித் திரும்ப லேத்தில் ஏற்றலாம், எதை ஏற்றவே கூடாது என்பது என்று எனக்குப் படுகிறது. அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பூரிக்கட்டை என்று நீளவாட்டுக் கடைசலில் தொடங்கிப் பிறகு கிண்ணத்துக்கு வந்தவன் நான். நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் பெரும்பாலும் அந்த வரிசைதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் கட்டையை நான் தட்டிப் பார்க்கவில்லை, உளியின் முனையையும் பார்க்கவில்லை. ஆகவே மரத்தின் இயல்பைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை எங்கே தவறியது என்பதைப் பற்றிச் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள்.

மீட்பதைப் பேசும் முன்னால் ஒரு கணக்கு. 8 இன்ச் கிண்ணம் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்து வந்தால் முகத்துக்குத்தான் வரும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் கிண்ணத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். கிண்ணம் கடைபவர்கள் பின்பற்றும் வழக்கு, விட்டத்தை இன்ச்சில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையோடு பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வரவேண்டும் என்பது. 8 இன்ச்சுக்கு அது 750 முதல் 1125. அது நல்ல, சமநிலையான கட்டைக்கு. ஒட்டுப் போட்ட கிண்ணத்தை நான் 400, 500க்கு மேல் ஓட்ட மாட்டேன். முகம் முழுவதையும் மூடும் கவசம் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள். கண்ணாடி மட்டும் போதாது.

லேத்தில் ஏற்றும் முன் கிண்ணத்தை விரல் நுனியில் தொங்கவிட்டு, மற்றக் கையின் முட்டியால் விளிம்பைச் சுற்றிலும் தட்டுங்கள். முழு மரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று பேசும். வெடிப்பு உள்ள இடத்தில் ஓசை மட்டமாக, கரகரப்போடு வரும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவித் துடைத்தால், மேற்பரப்பு காய்ந்த பின்னும் வெடிப்பு மட்டும் ஈரக்கோடாகத் தெரியும். விளிம்பில் தொடங்கி அடிவரை இறங்கிய வெடிப்பு, லேத்தின் கவ்வியான சக் பற்றிக்கொள்ள அடியில் விட்ட பிடிக்குள் ஓடும் வெடிப்பு, சுவரின் இரண்டு பக்கமும் தெரியும் வெடிப்பு, இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தக் கிண்ணம் இனி சுழலக் கூடாது. சுழற்றாமல் கையால் மீட்க வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இப்போது மரம். கட்டில் காலில் நார் நீளவாட்டில், லேத்தின் அச்சோடு ஓடும். கிண்ணத்தில் பெரும்பாலும் நார் அச்சுக்குக் குறுக்கே படுத்திருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும், இரண்டு முறை நார் முனைகள் வெட்டுப்பட்டு நிற்கும் தலைப்பக்கத்தையும் சந்திக்கிறது. உங்கள் மூன்று பழுதுகளில் இரண்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. உளி மாட்டுவதும் தலைப்பக்கத்தில்தான், வெடிப்பதும் தலைப்பக்கத்தில்தான். கிண்ணத்தில் பென்சிலால் இரண்டு தலைப்பக்கத்தையும் குறித்துவிட்டுப் பாருங்கள், பிய்ந்த இடமும் வெடித்த இடமும் அந்தக் குறிகளை ஒட்டியே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

வெட்டும் திசையும் இதிலிருந்தே வருகிறது. வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கி, அதாவது சின்ன விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு வெட்ட வேண்டும். உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கி வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் அறுபடும் ஒவ்வொரு நாருக்கும் கீழே இன்னொரு நார் முட்டுக்கொடுக்கும். எதிர்த் திசையில் போனால் முட்டு இல்லாத நாரை உளி பிடித்து இழுத்துப் பிய்த்துவிடும். இதில் கருத்து வேறுபாடே கிடையாது.

முதல் கிண்ணத்துக்கு வருகிறேன். உளியின் முனைக்குப் பின்னால் சாணை பிடித்த சாய்வு இருக்கிறதே, அது மரத்தில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டே போகும்வரை உளி மாட்டாது. சாய்வு மரத்தை விட்டு எழும்பி, கூர்முனையின் ஓரம் மட்டும் தனியாக மரத்தைத் தொட்ட கணத்தில் மரம் உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உளியின் தண்டை முதலில் டூல் ரெஸ்ட்டில், அதாவது உளியைத் தாங்கும் சட்டத்தில் ஊன்றி, பிறகு சாய்வை மரத்தில் தொடவைத்து, கடைசியாகக் கைப்பிடியின் பின்முனையை மெதுவாகத் தூக்கினால் சுருள் வர ஆரம்பிக்கும். இந்த வரிசை மாறக் கூடாது. விளிம்பின் உட்பக்கம் நுழையும்போதுதான் பெரும்பாலோருக்கு மாட்டுகிறது, ஏனென்றால் அங்கே சாய்வு உட்காருவதற்கு இன்னும் தடமே கிடையாது. உளியின் நீளத்துக்கு ஓடும் பள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மூடினாற்போல் வைத்து, அழுத்தாமல் ஒரு சின்னத் தடம் எடுங்கள். அந்தத் தடத்தில் சாய்வு உட்கார்ந்ததைக் கை உணர்ந்த பிறகு பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். ஓசையும் சொல்லிக்கொடுக்கும். சரியான வெட்டில் ஒரே சீராக ‘ஸ்ஸ்’ என்று வரும். தட்தட்டென்று விட்டுவிட்டு வந்தால் சாய்வு எழும்பிவிட்டது என்று பொருள், உடனே பின்வாங்குங்கள்.

உங்களிடம் இருப்பது செட்டாக விற்கும் உளிகள் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் அகலமான, அரைவட்டமான, கனத்த உளி ஒன்று இருக்கும். அது சதுரக் கட்டையை உருட்டுவதற்கான உளி, நீளவாட்டுக் கடைசலுக்கு மட்டுமே உரியது. பார்க்கப் பலமாக இருந்தாலும் கைப்பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லியது. கிண்ணத்தின் தலைப்பக்கத்தில் மாட்டினால் அந்த வால் ஒடிந்து பறக்கும். தயவுசெய்து அதைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். கிண்ணத்துக்கு உருண்டைக் கம்பியில் ஆழமான பள்ளம் எடுத்த உளிதான் வேண்டும், கடைகளில் பௌல் கவுஜ் என்று கேளுங்கள். ஒரே ஒரு உளி வாங்கப் பணம் இருந்தால் 3 அல்லது 4 நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்) அளவில் அதை வாங்குங்கள், மற்றவை காத்திருக்கலாம். சாணையை அடிக்கடி பிடியுங்கள். மழுங்கிய உளியை மனிதர்கள் அழுத்துகிறார்கள், அழுத்தினால் மாட்டுகிறது.

பிய்ந்த விளிம்பை மீட்பது இருப்பதிலேயே எளிது. பிய்ந்த துண்டு கையில் இருந்து, மேல் சொன்ன வெடிப்பு எதுவும் இல்லையென்றால், ஒட்டிப் பார்க்க ஆசை வரும். விளிம்பில் ஒட்டிய துண்டைத் திரும்பச் சுழற்றுவதை நான் விரும்புவதில்லை. அதற்குப் பதில், பிய்ந்த ஆழத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு விளிம்பை அங்கே இறக்கிவிடுங்கள். கிண்ணம் கொஞ்சம் ஆழம் குறைந்து தட்டாகலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். ஆழமான கிண்ணத்துக்குப் போட்ட வளைவு ஆழம் குறைந்ததும் சட்டென்று அறுந்ததுபோல் தெரியும். வெளிப்புறத்தைத் திரும்ப அடியிலிருந்து ஒரே ஓட்டத்தில் கடைந்து, அடியின் அகலத்தையும் குறைத்தால் அது தட்டாகவே பிறந்த மாதிரி நிற்கும். பெரும்பாலான மீட்பு வேலை இங்கேதான் கோட்டைவிடப்படுகிறது. பழுதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், பார்ப்பவர் கண் நேராகப் பழுது இருந்த இடத்துக்கே போகும்.

இன்னொன்று: முடித்த விளிம்புக்குத் திரும்பப் போகாதீர்கள். உட்புறத்தைக் குடையக் குடைய சுவர் மெலிந்து, மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, அரைமணி நேரத்திலேயே வட்டம் லேசாக மாறிவிடும். பச்சை மரத்தில் இது கண்ணுக்கே தெரியும். விளிம்பிலிருந்து ஒரு இன்ச் ஆழம் வரை கடைசிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, அடுத்த இன்ச்சுக்கு இறங்குங்கள். மேலே போய் ‘இன்னும் ஒரு சீவல்’ என்று உளி வைத்தால் மெல்லிய சுவர் அதிர்ந்து, அதுவே மாட்டும்.

இரண்டாவது கிண்ணம், ஓட்டையான அடி. கிண்ணம் கடைபவர்களில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. ஆங்கிலம் பேசும் கடைசல்காரர்கள் இதற்குப் புனல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு உள் ஆழம் எப்போதும் குறைவாகவே தெரியும், அதுதான் காரணம். தடுக்கும் வழி எளிது. குடையத் தொடங்கும் முன், வெளி உயரத்தில் அடியின் கனத்துக்கு 3 நூலும் சக் பிடியின் உயரமும் கழித்து, மிச்ச ஆழத்துக்கு நடுவில் டிரில்லால் ஒரு துளை போட்டுவிடுங்கள். துளை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். குடையும்போது விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து ஸ்கேலை இறக்கி அளந்து பார்ப்பதையும் விடாதீர்கள்.

ஓட்டை விழுந்த பின் என்ன செய்யலாம் என்பது அதைச் சுற்றி எவ்வளவு கனம் மிச்சம் என்பதைப் பொறுத்தது. சுற்றிலும் 2 நூலாவது இருந்தால் உள்ளே ஒரு வட்டத் தகடு பதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஓட்டை சக் பிடிக்குள் விழுந்திருந்தால் அந்தப் பிடி இப்போது வெறும் வளையம். சக்கை இறுக்கினால் நசுங்கும். அதனால் ஒரு வேண்டாத கட்டையை ஃபேஸ் பிளேட்டில் (கட்டையைத் திருகாணியால் முடுக்கும் வட்டத் தகட்டில்) மாட்டி, கிண்ணத்தின் வாய் இறுக்கமாகப் போய் உட்காருமாறு அதில் படி கடைந்து, கிண்ணத்தைக் கவிழ்த்து ஏற்றுங்கள். ஓட்டையின் மேல் ஒரு சின்ன மரத்துண்டை வைத்து லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கால் முட்டுக்கொடுத்து, பழைய பிடியின் வெளிப்பக்கத்தை நேராக்கிக்கொள்ளுங்கள். பிறகு திருப்பி மாட்டி, சக்கை மென்மையாகப் பிடிக்கவைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டையின் ஓரத்தைச் சுத்தமான வட்டமாக்கி, பாதிக் கனத்தில் ஒரு படி எடுங்கள்.

அந்தப் படியில் உட்காரும் தகட்டை வேறு நிற மரத்தில் கடையுங்கள். பூவரசின் வைரம், அதாவது முற்றிய உள்மரம், சாக்லேட் நிறம். பலாவின் மஞ்சள் அதற்கு எடுப்பாக இருக்கும். அதே பூவரசில் செய்து மறைக்கப் பார்த்தால் ரேகை ஒருபோதும் சேராது, ஒட்டு ஒட்டாகவே தெரியும். தகட்டின் நார் கிண்ணத்தின் நாரோடு ஒரே திசையில் இருக்க வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். மரம் மழைக்காலத்தில் நாருக்குக் குறுக்கேதான் பூரிக்கும், வெயில் காலத்தில் குறுக்கேதான் சுருங்கும், நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. இரண்டின் நாரும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் ஒன்று பூரிக்கும்போது மற்றது இடம்கொடுக்காமல் ஒட்டு விட்டுவிடும். எபாக்ஸி பசை வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டு, உள்ளும் வெளியும் சேர்த்து ஒரே ஓட்டமாகச் சீவிவிடுங்கள். தகட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு வெட்டிவிட்டால் ஒட்டு இருந்த இடம் அலங்காரமாகிவிடும்.

கனம் மிச்சமில்லையென்றால் வெளியிலிருந்து செய்யுங்கள். பழைய பிடியை நீக்கி அடியைச் சமமாக்கி, அதன் மேல் இன்னொரு காய்ந்த கட்டையை நாரின் திசை பார்த்து ஒட்டி, அதைப் பாதமாகக் கடையுங்கள். நம் வீடுகளில் உப்பும் புளியும் போட்டு வைத்த மரவைகளைப் பார்த்தவர்களுக்குப் பாதம் வைத்த மரப்பாத்திரம் புதிதல்ல. உள்ளே பழைய ஓட்டையின் வழியாகப் பாத மரம் ஒரு வட்டமாக எட்டிப் பார்க்கும். மேலே சொன்ன தகட்டைவிட இந்த முறை உறுதியானது. ஒட்டும் பரப்பு அதிகம் என்பதுதான் காரணம். எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்றால் இதுதான்.

மூன்றாவது கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே உங்கள் கையில் பிழை இல்லை. பச்சை மரம் தன் வேலையைச் செய்திருக்கிறது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் சுருங்குவதே இல்லை. செல்லின் உள்வெளியில் இருக்கும் தண்ணீர் முதலில் போகிறது. அதற்குப் பிறகு செல் சுவரிலிருந்தே நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம். வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாட்டில் அது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. ஒரே கிண்ணத்துக்குள் இந்த மூன்று திசையும் இருப்பதால் வட்டம் நீள்வட்டமாகியே தீரும். வெடிப்புக்குக் காரணம் வேகம்: தலைப்பக்கம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு விரைவாக ஈரத்தை விடுகிறது. அது சுருங்கப் பார்க்கிறது, பக்கத்து மரம் இன்னும் ஈரத்தோடு விறைத்து நிற்கிறது, நடுவில் பிளக்கிறது. மரத்தின் நட்ட நடு மையம் கிண்ணத்துக்குள் இருந்தால் எவ்வளவு பொறுமையாகக் காயவைத்தாலும் பெரும்பாலும் அங்கே நட்சத்திரமாக வெடிக்கும்.

இதற்குக் கடைசல்காரர்கள் கண்ட வழி இரண்டு. ஒன்று, இரண்டு முறை கடைவது. பச்சையாக இருக்கும்போதே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டுக் கடைந்துவிட வேண்டும். 10 இன்ச் கிண்ணத்துக்கு சுவர் 1 இன்ச். அதன் வெளிப்பக்கம், முக்கியமாகத் தலைப்பக்கங்களில், மெழுகு தடவி, அதே மரத்தின் சீவலோடு காகிதப் பையில் போட்டு, மின்விசிறியும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். பையின் மேல் தேதியும் எடையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். எடை இறங்குவது நின்று சில வாரம் அப்படியே இருந்தால் உங்கள் ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது. எத்தனை மாதம் என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். கடலோரமும் உள்நாடும் வேறு, ஐப்பசியும் சித்திரையும் வேறு, தராசை நம்புங்கள். காய்ந்த பின் நீள்வட்டமாக இருக்கும் கட்டையைத் திரும்ப வட்டமாகக் கடையலாம், அதற்குத்தான் அந்த ஒரு இன்ச். மற்ற வழி, பச்சையாகவே 2 நூலுக்கு, எல்லா இடத்திலும் ஒரே கனமாகக் கடைந்து முடித்துவிடுவது. கோணும், ஆனால் மெல்லிய சுவர் வளைந்துகொடுப்பதால் வெடிப்பது குறைவு. உங்கள் மூன்றாவது கிண்ணத்தின் சுவர் மெல்லியது, அடி கனம் என்று எழுதியிருந்தீர்கள். மேலே காய்ந்து கீழே ஈரமாக நின்றதுதான் பிளந்ததற்குக் காரணமாக இருக்க வேண்டும். இது என் ஊகம், ஆனாலும் நீங்கள் போட்ட படம் அதைத்தான் சொல்கிறது.

சிலர் பச்சைக் கட்டையை வேகவைக்கச் சொல்வார்கள், சிலர் சோப்புத் தண்ணீரில், சிலர் ஸ்பிரிட்டில் ஊறவைக்கச் சொல்வார்கள். செய்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள், செய்யாதவர்களும் அதேபோல் நல்ல கிண்ணம் எடுக்கிறார்கள். மரத்துக்கு மரம் மாறும் விஷயம், இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிமரத்தை நடு மையத்தின் வழியாகப் பிளந்து, மையத்தை ஒரு இன்ச் பலகையாக எடுத்து எறிந்துவிட்டு, வெட்டுமுகங்களில் அன்றைக்கே மெழுகோ கெட்டிப் பெயின்ட்டோ பூசுவதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கிளை மரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். சாய்ந்து வளரும் கிளையின் மேற்பக்கத்தில் உருவாகும் மரம் இழுவிசை தாங்கி வளர்ந்தது, கடைந்தால் நார்நாராக எழும்பும், காய்ந்தால் எப்படிக் கோணும் என்று கணக்குப் போட முடியாது.

கோணிய கிண்ணத்தைத் திரும்ப வட்டமாக்கலாமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு. மிகப் பெரிய விட்டத்திலிருந்து மிகச் சிறிய விட்டத்தைக் கழித்து, அதில் பாதியைச் சுவரின் கனத்திலிருந்து கழியுங்கள். அதுதான் மிஞ்சும் சுவர். 2 நூல் சுவரும் 2 நூல் வித்தியாசமும் என்றால் மிஞ்சுவது 1 நூல். அதுவும் வெடிப்பு உள்ள மரத்தில் வேண்டவே வேண்டாம். உங்கள் கிண்ணம் நீள்வட்டமாகவே இருக்கட்டும். ஒரு சமமான கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி அடியை அதில் தேய்த்து ஆடாமல் நிற்கச் செய்யுங்கள். வெடிப்பை இப்போது தொடாதீர்கள். ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கும்போது கெட்டிப் பசையை ஊற்றினால் அந்த இடம் இறுகும், சுருக்கம் வேறு இடத்தைப் பிளக்கும். எடை நின்ற பிறகு பாருங்கள்.

அப்போது வெடிப்பு மயிரிழையாக இருந்தால் ஃபெவிக்விக் போன்ற மெல்லிய பசை தானே உள்ளிறங்கும். முதலில் சுற்றிலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை (ஷெல்லாக்) பூசி உலரவிடுங்கள், இல்லாவிட்டால் பசை மரத்தில் கறையாகப் படிந்து, எண்ணெய் பூசியதும் திட்டாகத் தெரியும். பருத்தித் துணியால் அந்தப் பசையைத் துடைக்காதீர்கள், பருத்தி பட்டால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும். ஒரு நூல் அகலம் வரையிலான இடைவெளிக்கு எபாக்ஸியில் காப்பித்தூள் கலந்து நிரப்பலாம். அதே மரத்தின் தூளைக் கலந்தால் மறைந்துவிடும் என்பார்கள். காய்ந்ததும் சுற்றுமரத்தைவிடக் கருத்துத்தான் போகிறது, ஆகவே தொடக்கத்திலேயே கருப்பாகப் போடுவது நேர்த்தி.

அதைவிடப் பெரிய வெடிப்பானால் ஹவாய்க்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். உங்கள் மரத்துக்கும் அவர்களுக்கும் நேரான உறவு இருக்கிறது. நம் பூவரசைத்தான் அவர்கள் மிலோ என்கிறார்கள், சாப்பாட்டுக் கிண்ணம் குடைய விரும்பி எடுத்த மரங்களில் அது ஒன்று. உணவில் தன் வாடையை ஏற்றாது என்பது காரணம். உமெகே என்று சொல்லும் அந்தக் கிண்ணங்கள் வெடித்தால், வெடிப்பின் குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு மர ஆப்பு வெட்டிப் பதிப்பார்கள். அதற்குப் பேவா என்று பெயர். ஆப்புகள் பதித்த பழைய கிண்ணங்களை அவர்கள் குறையாகக் கருதவில்லை, பாதுகாத்து வைக்கத் தகுந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்று மதித்தார்கள். ஹோனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. ஆப்பின் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும், இடுப்பு சரியாக வெடிப்பின் மேல் உட்கார வேண்டும். முதலில் ஆப்பை வெட்டி, அதைக் கிண்ணத்தின் மேல் வைத்துக் கூரான கத்தியால் சுற்றிக் கோடிட்டு, பிறகு அந்தக் கோட்டுக்குள் குழி எடுங்கள். குழியை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ப ஆப்பைச் சீவப் போனால் இடைவெளி விழும். சுவர் மெல்லியதாக இருப்பதால் ஆப்பு முழுக் கனத்துக்கும் போகட்டும். வெடிப்பின் கீழ்முனைக்குச் சற்று மேலே ஒன்று, விளிம்புக்குக் கீழே ஒன்று போதும். எல்லாம் கைவேலை, லேத் வேண்டாம்.

பூச்சு பற்றிச் சுருக்கமாக. தேங்காயெண்ணெய் உலராது, பிசுபிசுவென்று நின்று நாளடைவில் காறும். பச்சை ஆளிவிதை எண்ணெய் மெதுவாக உலரும், ஆனால் உலர்ந்து கெட்டியாகும். மெல்லியதாகப் பூசித் துடைத்து, வாரக்கணக்கில் விட்டுவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியில் உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள். அரக்குப் பூச்சு அழகு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளிலும் நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளிலும் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே உருக்கி ஏற்றுகிறார்கள். சன்னபட்டணத்தில் தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். ஒட்டுப் போட்ட கிண்ணத்தில் அந்த அழுத்தமும் சூடும் வேண்டாம், ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் போதும். அரக்கு சூட்டுக்கு இளகும் என்பதால் சூடான எதையும் ஊற்றாதீர்கள். எபாக்ஸியோ ஃபெவிக்விக்கோ உள்ளே போன கிண்ணத்தை முறுக்கு, பழம், சாவி போட மட்டும் வையுங்கள்.

உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்குக்கு நல்ல முகமூடி போடுங்கள், துணி போதாது. மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எட்டி, அரளி இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் லேத்தில் ஏற்றாதீர்கள்.

மூன்றில் இரண்டாவதை முதலில் எடுங்கள், தட்டும் சோதனையில் தேறினால் அதற்குப் பாதம் வைக்கும் வேலை உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். ஆனால் அதுவும் அதே பச்சை மரம் என்பதால் எடை நிற்கும்வரை பொறுங்கள், ஈரமரத்தில் ஒட்டு நிற்காது. முதலாவதின் விளிம்பை இந்த வாரமே இறக்கலாம், அதில் ஒட்டு எதுவும் இல்லை, கோணினால் கோணட்டும். மூன்றாவதை இன்றே நிறுத்துப் பையில் போட்டுவிடுங்கள். வெளிப்புறம் தலைப்பக்கத்தில் நார் பிய்ந்து சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த இடத்தில் கரைத்த அவலரக்கைப் பூசி உலர்ந்ததும், புதிதாகச் சாணை பிடித்த உளியால் ஒரே ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். உங்கள் உளியின் முனையைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துப் போட்டால் சாய்வின் கோணம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.